கோட்டம்: ஒரு நறுமண வேரின் நிலமும் பொழுதும்



சொல்லை ஆள்வதையே தொழிலாகக் கொண்டோர் கூடியிருக்கும் அவை இது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அச்சொல் 'கோட்டம்'. தமிழில் பல பொருள் சுமந்து நிற்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. வளைவு என்பது அதன் ஒரு பொருள். மனத்தின் கோணலையும் அது குறிக்கும். கோயில் என்பது மற்றொன்று. சிலப்பதிகாரத்தில் வரும் காமவேள் கோட்டமும் மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டமும் எல்லாரும் அறிந்தவை. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆன கதையும் மணிமேகலையில் உண்டு. நாட்டுப் பிரிவும் கோட்டமே. தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்கள் வரலாற்று மாணவர்க்குப் பழக்கமானவை. இவை அனைத்தும் கற்றோர் நினைவில் உள்ளன.

இவற்றுக்கு அப்பால் ஐந்தாவதாக ஒரு பொருள் உண்டு. அது ஒரு வேர். நறுமணத்துக்காகவும் மருந்துக்காகவும் தோண்டி எடுக்கப்படுவது. நாட்டு மருந்துக் கடையில் 'கோஷ்டம்' என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அவ்வேருக்குரிய செடி எது, அது எங்கே வளர்கிறது, இன்று அதன் நிலை என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

கூந்தலில் ஏறிய மணம்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி புகழ் பெற்றது. பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தல் நனைக்கப்படுகிறது. காப்பிய ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் சொல்லிச் செல்கிறார். அவை எவை என்று பெயர் சொல்லும் பொறுப்பை உரையாசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து விரை என்பன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பது உரைமரபு. ஐந்தனுள் முதலில் நிற்பது கோட்டம். ஓமாலிகைப் பட்டியலிலும் அது இடம்பெறுகிறது. அப்பட்டியலில் வெண்கோட்டம் என்ற ஒன்றும் வருகிறது.

1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிட்டால் இப்பெயர்கள் ஏட்டுச் சுவடியோடு மறைந்திருக்கக்கூடும். உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் சொல்லைக் காத்தார்கள். ஆனால் வகுப்பறையில் அச்சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது 'ஒருவகை நறுமணப் பொருள்' என்று கூறி அடுத்த வரிக்குப் போவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. ஆரம் என்றால் சந்தனம் என மாணவன் கண்முன் ஒரு மரம் தோன்றுகிறது. அகில் என்றால் புகை தோன்றுகிறது. கோட்டம் என்றால் எதுவும் தோன்றுவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்க் கவிதை மரபு செடிகொடிகளுக்கு நிலம் வகுத்துத் தந்த மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் மாவும் கருப்பொருள். இவ்விரண்டின் மேல் உரிப்பொருள் நிற்கும். குறிஞ்சிப் பூவும் முல்லைக் கொடியும் நொச்சியும் புன்னையும் ஆயிரம் முறை பாடப்பட்டதற்கு அவற்றுக்கென ஒரு நிலம் இருந்ததே காரணம் எனலாம். கோட்டம் ஐந்திணைகளுள் எதனிலும் முளைப்பதன்று. அது வாணிகப் பொருளாக, உலர்ந்த வேராக, நகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆதலின் அது கருப்பொருளாகவில்லை. ஒப்பனைப் பொருள்களின் பட்டியலில் ஓர் இடம் மட்டும் பெற்றது. அதன் இலையையோ பூவையோ தமிழ்ப் புலவர் காண வாய்ப்பில்லை. அதற்குரிய முதற்பொருளை இனியேனும் வகுத்துச் சொல்லுதல் தகும்.

நிலம்

கோட்டத்தின் நிலம் மேற்கு இமயம். காஷ்மீரப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளிலும் அவற்றை ஒட்டிய வடமேற்கு மலைச்சரிவுகளிலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 முதல் 4,000 மீட்டர் உயரம் வரை அது இயற்கையாக வளர்வது. ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் உடையது. நீலகிரி முடியும் இடத்தில்தான் கோட்டத்தின் நிலம் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையன்று.

அவ்வுயரத்தில் மரங்கள் குறைந்து புல்வெளிகள் தோன்றும். ஃபிர் மரக்காடு முடிந்து பூர்ஜ மரங்கள் நிற்கும். வடபுலத்தார் பழங்காலத்தில் நூல் எழுதப் பயன்படுத்திய பூர்ஜ பத்திரம் என்னும் மரப்பட்டை இம்மரத்திலிருந்து உரிக்கப்பட்டதே. தமிழருக்குப் பனையோலை எப்படியோ, காஷ்மீரப் புலவர்க்குப் பூர்ஜப் பட்டை அப்படி. அந்த எழுதுபட்டை மரத்தின் அண்டையில், ஈரம் வற்றாத சரிவுகளில், இலைமக்கு நிறைந்த ஆழமான மண்ணில் கோட்டம் வேரூன்றுகிறது. வறண்ட பாறையிடுக்கு அதற்கு உகந்ததன்று. ஒரு முழ நீளமுள்ள தடித்த வேர் கீழிறங்க மண் ஆழமாக இருத்தல் வேண்டும்.

பொழுது

தமிழ்ப் பெரும்பொழுது ஆறு. அவற்றுள் முன்பனியும் பின்பனியும் உண்டு. ஆயின் தமிழில் பனி என்பது புல்நுனியில் துளிக்கும் நீர். வெண்மையாக இறுகி மலையை மூடும் பனிக்கும் அதே சொல்லைக் கடன் கொடுத்து 'உறைபனி' என்று அடைசேர்த்து வழங்குகிறோம் என்பது தமிழர் வாழ்ந்த நிலத்தின் இயல்பைக் காட்டுகிறது. கோட்டத்தின் மலையில் ஆண்டில் ஏறத்தாழப் பாதிக் காலம் இந்த உறைபனிக்கு உரியது.

பனி உருகி நிலம் வெளிப்படும்போது செடி துளிர்க்கத் தொடங்கும். சூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூக்கும். செப்டம்பர் அளவில் விதை முற்றும். அதன்பின் தண்டும் இலையும் பழுத்துச் சாய்ந்துவிடும். மண்ணுக்கு மேலே செடி இருந்த தடம் கூட இல்லாமல் பனி மூடும். ஆனால் மண்ணுக்குக் கீழே வேர் உயிரோடு இருக்கும். கோடையின் சில மாதங்களில் இலைகள் ஈட்டிய உணவு முழுவதும் அவ்வேரில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அடுத்த ஆண்டு முளைப்பதற்குரிய முதலும் அதுவே. மாந்தர் விரும்பும் மணப்பொருளும் அதே வேரில் இருப்பதுதான் இச்செடிக்கு நேர்ந்த இடர்.

செடியின் இயல்பு

கோட்டத்தின் அறிவியற் பெயர் சாசூரியா காஸ்டஸ். சூரியகாந்தியும் செவ்வந்தியும் அடங்கிய பெருங்குடும்பத்தில், ஆங்கிலத்தில் 'திசில்' என வழங்கும் முட்பூண்டுகளின் கிளையைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னமாக விளங்கும் முட்பூ இதன் உறவு. தமிழகத்தாரும் அறிந்த குசும்பா என்னும் சாயப்பூச் செடியும் இதே கிளையைச் சேர்ந்ததே. திசில் என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. தமிழ் விவிலியத்தில் அவ்விடத்துக்குக் 'குருக்கு' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. இன்று குருக்கு என்றும் பிரமதண்டு என்றும் வழங்கும் மஞ்சட்பூச் செடியோ, இலையில் முள் இருப்பினும், கசகசாச் செடியின் குடும்பத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முள்ளைக் கண்டு உறவு சொல்ல இயலாது என்பதற்கு இது சான்று.

கோட்டமோ இதற்கு நேர்மாறானது. திசில் கிளையில் பிறந்தும் அதன் உறவினர் பலரைப் போலத் தண்டெல்லாம் முள் சுமந்து நிற்பதில்லை. நிமிர்ந்த, உறுதியான தண்டு ஓர் ஆள் உயரத்துக்கு எழும். சில செடிகள் இரண்டு மீட்டரையும் எட்டும். அடியிலைகள் மிகப் பெரியவை, முக்கோண வடிவின, காம்பின் இருபுறமும் சிறகு போன்ற விளிம்பு உடையவை. மேலே செல்லச் செல்ல இலைகள் சிறுத்து, காம்பின்றித் தண்டைத் தழுவி நிற்கும். தண்டின் உச்சியில் பூந்தலைகள் சில சேர்ந்து கொத்தாக அமையும்.

பூந்தலையை நோக்குமிடத்துத்தான் திசிலின் குடும்பச் சாயல் புலப்படும். சூரியகாந்திக்கு உள்ளது போன்ற ஓரத்து இதழ்வட்டம் இதற்கு இல்லை. ஒரு பூ என்று தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். அவை அனைத்தும் குழல் வடிவானவை. கருநீலம் கலந்த ஊதா நிறத்தவை. அக்கூட்டத்தை அடியிலிருந்து தாங்கும் கிண்ணம் செதில் செதிலாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு செதிலும் நீண்டு கூர்த்து வெளிப்புறம் வளைந்திருக்கும். தண்டில் இல்லாத முள்ளின் நினைவு இச்செதில்நுனிகளில் எஞ்சியிருக்கிறது எனலாம். பூச்சிகள் மகரந்தம் பரப்புகின்றன. விதை முற்றியபின் அதன் தலையில் இறகு போன்ற பழுப்புநிற மயிர்க்குஞ்சம் விரியும். காற்று அதனைக் கொண்டுசெல்லும்.

வேர் வெளியே மங்கிய பழுப்பு நிறம். ஒடித்தால் கொம்பு முறிவது போல முறியும். உலர உலர மணம் ஏறும். அம்மணம் மல்லிகை, சந்தனம் போன்று உடனே மகிழ்விப்பதன்று. மண்ணும் எண்ணெயும் விலங்கின் சாயலும் கலந்தது. வேரெண்ணெயின் மணத்தை நறுமணக் கலைஞர்கள் மனிதக் கூந்தலின் மணத்தோடு ஒப்பிடுவது வழக்கம். மாதவியின் கூந்தலுக்கு இது ஏன் பயன்பட்டது என்பதைச் சுவடி சொல்லவில்லை. ஆயினும் இவ்வொப்புமை இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியது. பெரிதும் கிடைப்பருமையால் அன்றி, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் இயல்பாலேயே, அவ்வெண்ணெய் இன்று பன்னாட்டு நறுமணத் துறையின் விதிகளால் விலக்கப்பட்டுள்ளது. அதன் வேதிப்பொருள்களுள் ஒன்றான காஸ்டுனோலைடு, வேரின் பெயராலேயே வழங்குகிறது.

பெயர்கள் சென்ற வழி

இவ்வேரின் வடமொழிப் பெயர் குஷ்டம். அதர்வவேதத்தில் இமயத்தில் பிறந்து காய்ச்சலை ஓட்டும் மூலிகையாக அது போற்றப்படுகிறது. அம்மொழியில் தோல்நோய்க்கும் அதே சொல் வழங்கியது. கிரேக்கர் 'கோஸ்டோஸ்' என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வாணிக நூல், சிந்து முகத்துவாரத்துப் பார்பரிக்கம் துறையிலும் கூர்ச்சரக் கரையின் பாரிகாசா துறையிலும் ஏற்றுமதியான பண்டங்களுள் இதனைக் குறிப்பிடுகிறது. டயாஸ்கோரிடிஸ் தம் மருந்து நூலில் அரேபிய, இந்திய, சிரியக் கோஸ்டோஸ் என மூவகை கூறுகிறார். காஷ்மீரின் பெயர் அவற்றுள் இல்லை. வேரை விற்றவர் ஊரே வேரின் ஊராகக் கருதப்பட்டது.

இதன் விளைவு விந்தையானது. வேரைப் பல நூற்றாண்டுகள் வாங்கியும் செடியை ஐரோப்பியர் கண்டதில்லை. 1753இல் லின்னேயசு 'காஸ்டஸ்' என்னும் பெயரை இஞ்சியின் உறவான ஒரு வெப்பமண்டலச் செடியினத்துக்குச் சூட்டினார். அதனுள் ஒன்றுக்கு 'அராபிகஸ்' என்ற அடையும் தந்தார். அச்செடி அரேபியாவிலும் பிறந்ததன்று, இமயத்திலும் பிறந்ததன்று. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. இன்று தமிழகத்து வீடுகளில் தொட்டியில் வளரும் 'இன்சுலின் செடி' அந்தக் காஸ்டஸ் குடும்பத்தது. தமிழிலும் அக்குடும்பத்தின் மற்றொரு செடிக்குக் கோஷ்டம் என்ற பெயர் வழங்குவதுண்டு. பெயர் ஒன்று, உறவு ஏதுமில்லை.

உண்மைச் செடியை வேரோடு பொருத்திக் காட்டியவர் ஹியூ ஃபால்கனர். சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த அவர் 1837-38 காலத்தில் காஷ்மீரில் பயணம் செய்தார். காஷ்மீர மலையில் தோண்டப்பட்டு வணிகருக்குச் செல்லும் வேரே பழைய கோஸ்டோஸ் என்று நிறுவினார். அதனைப் புதிய பேரினமாகக் கருதி, அன்றைய தலைமை ஆளுநர் ஆக்லண்டு பிரபுவின் பெயரால் 'ஆக்லாண்டியா' எனப் பெயரிட்டார். பின்னர் 'சாசூரியா லாப்பா' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. 1964இல் லிப்சிட்சு என்னும் உருசியத் தாவரவியலார் 'சாசூரியா காஸ்டஸ்' என மாற்றியமைத்தார். அண்மைக்கால மரபணு ஆய்வின் அடிப்படையில் இதனைத் 'தோலோமியேயா' என்னும் பேரினத்தில் வைப்போரும் உளர். சாசூரியா என்ற சொல் 1787இல் மோன் பிளாங் சிகரம் ஏறிய செனீவா அறிஞர் சொசூரையும் அவர் மகனையும் நினைவுகூர்வது.

இவ்விடத்து மற்றொன்றும் சொல்லத்தக்கது. உத்தராகண்ட மாநிலத்தின் மலரான பிரம்மகமலமும் சாசூரியா இனத்ததே, கோட்டத்தின் உடன்பிறப்பு. தமிழகத்தில் நள்ளிரவில் பூத்துப் பிரம்மகமலம் என்று செய்தியாகும் வெண்மலரோ அமெரிக்கக் கள்ளிவகை. ஆக, இமயத்தின் இரு உடன்பிறப்புகளின் பெயரும் தமிழகத்துக்கு வந்தன, செடிகள் வரவில்லை, பெயர்களை வேறு செடிகள் எடுத்துக்கொண்டன.

வேரின் விலை

காஷ்மீரில் இவ்வேர் 'குத்' எனப்படும். சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் காக்க அதனை இடையிட்டு வைத்தனர். சீனத்தில் 'மூசியாங்' என்ற பெயரில் மருந்தாகவும் ஊதுவத்திச் சரக்காகவும் அதற்குப் பெருந்தேவை இருந்தது. கல்கத்தா, பம்பாய்த் துறைகளின் வழியே அங்குச் சென்றது. காஷ்மீர அரசு அதனைத் தன் தனியுரிமைப் பண்டமாக வைத்திருந்தது. 1921இல் குத்துக்கென்றே தனிச்சட்டமும் இயற்றியது. ஒரு முட்பூண்டு உறவுக்கு ஓர் அரசு தனிச்சட்டம் இயற்றியதென்றால் அதன் வருவாயை உணரலாம்.

1920களில் இமாசலத்து லாகுல் பள்ளத்தாக்கில் உழவர்கள் இதனைப் பயிராக்கத் தொடங்கினர். ரோதங் கணவாய்க்கு அப்பால், குளிர்காலத்தில் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்த அச்சிற்றூர்களுக்கு அது பணம் தரும் பயிராயிற்று. பின்னாளில் விலை வீழ, உழவர் விதை உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் மாறினர். விதைத்த கோட்டம் வேரெடுக்கும் பருவம் அடைய ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் பணம் தரும் பயிர் அருகிருக்க மூன்றாண்டு காத்திருக்கும் பயிரை உழவர் கைவிட்டதைக் குறை கூறுவதற்கில்லை.

காட்டில் நிகழ்ந்தது வேறு. பூவைப் பறித்தால் செடி மிஞ்சும். இலையைக் கொய்தால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். விதை உதிர்வதற்கு முன் தோண்டினால் அதன் வழித்தோன்றலும் உடன் போகிறது. வளரும் பரப்போ குறுகியது. மேய்ச்சலும் அதே புல்வெளியில் நிகழ்கிறது. இவையனைத்தும் சேர்ந்து, ஒருகாலத்தில் சுமைசுமையாக வேர் இறங்கிய மலைகளில் காட்டுச் செடி அரிதாயிற்று. சரக்குக் குறையவே, புஷ்கரமூலம் என்னும் வேறொரு செடியின் வேர் கலப்படமாகவும் மாற்றாகவும் சந்தையில் நுழைந்தது.

காப்பும் அதன் எல்லையும்

அழிவுறும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் கோட்டம் 1975இல் இரண்டாம் பட்டியலிலும், 1985இல் முதற்பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. முதற்பட்டியல் புலிக்கும் உரியது. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செடிகளுக்கென ஓர் அட்டவணை வந்தபோது, அதில் இடம்பெற்ற ஆறு பதிவுகளுள் குத்தும் ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகக் கடுமையான அழிவுநிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

இதனால் கோட்டம் உலகிலேயே இல்லாமற் போய்விடும் என்று பொருளன்று. லாகுலிலும் உத்தராகண்டத்தின் உயர்ந்த சிற்றூர்களிலும் இன்றும் பயிராகிறது. சீனத்து யுன்னான் மாநிலத்தில் பெருமளவில் விளைவதால் அங்கு அதற்கு 'யுன் மூசியாங்' என்றே பெயர். மருந்துக் கடைக்கு வேர் வரும். வயலில் செடி இருக்கும். பூர்ஜ மரத்தின் கீழே, தானாக முளைத்து, தன் காற்றில் தன் விதையைப் பறக்கவிடும் செடி இருக்குமா என்பதே வினா. பயிரான செடி மாந்தரின் தேவையை நம்பி வாழ்வது. விலை வீழ்ந்தால் அதன் வாழ்வும் வீழும் என்பதற்கு லாகுலே சான்று. காட்டுச் செடி அவ்வாறு எவரையும் நம்பியதில்லை.

ஐந்து விரையை இங்கே மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். அகில் தரும் மரவகைகளுள் முதன்மையான ஒன்று 1995 முதல் சைட்டிசின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆரமாகிய சந்தனம் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமெனக் குறிக்கப்பட்டுள்ளது. கோட்டத்தின் நிலை மேலே கூறப்பட்டது. மாதவியின் நீராட்டுக்கு உதவிய ஐந்தனுள் மூன்று இன்று காப்புப் பட்டியல்களில் நிற்கின்றன. மூன்றிலும் மணம் பூவில் இல்லை. அகிலிலும் ஆரத்திலும் கட்டையில் உள்ளது. கோட்டத்தில் வேரில் உள்ளது. உயிரை எடுத்தாலன்றி மணத்தை எடுக்க இயலாதவை அவை. செல்வத்தின் அடையாளமாகக் காப்பியம் அடுக்கிக் காட்டிய பொருள்களின் மறுபக்கம் இது.

அவையோர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் கூறியது பழம்பாடலைக் குற்றம் சாட்டுவதற்கன்று. புகாரில் ஒரு பெண் கூந்தலுக்கு நறுநீர் ஆட்டியதால் இமயத்தின் செடி அழியவில்லை. பெருஞ்சந்தையும் தொலைவுத் தேவையும் தொடர்ந்த தோண்டலும் சேர்ந்து செய்த வேலை அது. ஆயினும் சொல்லை வைத்திருப்போர்க்குப் பொருளைப் பற்றியும் ஒரு பொறுப்பு உண்டு. உரையாசிரியர் தம் காலத்தில் இயன்றதைச் செய்தார். எண்ணுக்குப் பெயர் தந்தார். இக்காலத்தார் பெயருக்கு நிலம் தரலாம். அதற்குப் பெருநூல் வேண்டியதில்லை. மாணவர் பதிப்பின் அடிக்குறிப்பில் சில வரிகள் போதும். அவ்வரிகள் இவ்வாறு அமையலாம்:

'கோட்டம்: மேற்கு இமயத்தில் 2,500 முதல் 4,000 மீட்டர் உயரத்து ஈரச் சரிவுகளில் வளரும் பல்லாண்டுச் செடியின் வேர். ஆளுயரத் தண்டும் அகன்ற இலையும் கருநீல ஊதாப் பூந்தலையும் உடையது. பாதி ஆண்டு பனியின் கீழ் வேராக மட்டும் உயிர்த்திருப்பது. வேருக்காகத் தோண்டப்பட்டமையால் காட்டில் அழிவின் விளிம்பில் உள்ளது.'

இக்குறிப்பைப் படிக்கும் மாணவனுக்குக் கடலாடு காதையின் அவ்வடி முன்போல் வெறும் எண்ணிக்கையாக இராது. புகாரின் கடற்கரைக்கும் காஷ்மீரத்தின் பனிச்சரிவுக்கும் இடையே ஒரு வேர் கடந்துவந்த தொலைவு அவனுக்குத் தெரியும். கவிஞர் எவரேனும் இனிக் கோட்டம் என்று எழுதும்போது, அது மணக்கும் என்பதோடு, எங்கோ ஒரு மலையில் அது பூக்கவும் செய்கிறது என்பதை நினைவிற் கொண்டு எழுதுவாராக.